பத்து மணிக்குத் தொழுவத்தில் யாரும் இல்லை

என் வீட்டு மேசையில் உட்கார்ந்து, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே, ஒருத்தி என்னைப் பொய்க்காரி என்று சொன்னாள். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. வாயைத் திறந்து நேராகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவள் படித்தவள் இல்லையா, என் பேரைச் சொல்லி, "கணக்கு இடிக்குது அலைடா" என்றாள். உங்கள் மாடுகளின் வாய்க்குள் போனதைவிட வெளியே வந்தது அதிகம் என்றாள். சொல்லிவிட்டு என் பிஸ்கட்டைக் காபியில் நனைத்தாள்.

இந்தக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் சாணியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வேறு வழியில்லை.

எங்கள் நாட்டில் மாடு அதிகம், சாணி அதைவிட அதிகம். சாணியில் இருக்கிற பாஸ்பரஸ் மண்ணில் இறங்கி, ஓடையில் கலந்து, தண்ணீரெல்லாம் பச்சைப் பாசியாகிவிடுகிறது. அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் ஹின்னிக் வீட்டுக்கும் நடுவில் ஓடுகிற ஓடையிலேயே கோடைக்குக் கோடை பார்க்கிறேன். இவ்வளவு சாணிக்கு மேல் போடக் கூடாது, அதற்கு மேல் இருக்கிற மாட்டை அனுப்பிவிடு என்று அரசாங்கம் சொன்னபோது, எங்கள் ட்வெந்தெ வட்டாரத்தில் எல்லோரையும் போல நாங்களும் திட்டினோம், பிறகு தலையாட்டினோம்.

என் வயிறு எரிந்தது அதற்காக இல்லை. அந்த அட்டவணைக்காக. ஒரு மாடு இவ்வளவு பால் கறந்தால் அதன் சாணியில் இவ்வளவு பாஸ்பரஸ் இருக்கும் என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டுவிட்டார்கள். அது எந்த ஊர் மாடு, என்ன தின்கிறது, எந்த மண்ணில் முளைத்த புல் என்று ஒரு கேள்வி கிடையாது. எங்கள் நிலம் வெறும் மணல். அதில் முளைக்கிற புல்லில் பாஸ்பரஸ் குறைவு. மூட்டை மூட்டையாகத் தீவனம் வாங்கிக் கொட்டுகிற பழக்கமும் எங்களுக்கு இல்லை. தின்னாததை மாடு எப்படிப் போடும்? ஆனால் அட்டவணைப்படி எங்கள் மாடுகளில் பதினொன்று போக வேண்டும். போவது என்றால் லாரியில் ஏறிக் கசாப்புக்கூடத்துக்கு.

என் வீட்டுக்காரர் கெர்வின் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அந்த அட்டவணையை மூன்று நாள் முறைத்துப் பார்த்துவிட்டு, "அளந்து பாக்கட்டும்" என்றார், அவ்வளவுதான். அளந்து பார்க்க ஒரு வழி இருந்தது. கேட்டால் அரசாங்கக் குழு ஒன்று ஓர் ஆராய்ச்சியாளரை அனுப்பும். மாடு தின்பதையும் போடுவதையும் கறப்பதையும் அவர் எடை போட்டுப் பார்ப்பார். அட்டவணையைவிடக் குறைவாக வந்தால் பதினொன்றும் பிழைக்கும்.

அப்படித்தான் சஸ்கியா வந்தாள். மேற்கே பெரிய ஊர்க்காரி, நெட்டையாக, புத்தம் புது ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். கூட இரண்டு உதவியாளர்கள். ஆறு மாடுகளைப் பொறுக்கி எடுத்துப் பழைய கட்டுத்தறியில் கட்டினாள். ஒவ்வொன்றின் பின்னாலும் வார் போட்டு ஒரு பையைக் கட்டினாள், சாணி தரையில் விழாமல் பையில் விழும்படி. போடுகிற புல்லை எடை போட்டாள், தின்னாமல் மிச்சம் வைத்ததை எடை போட்டாள், பாலை எடை போட்டாள், சாணியை வாளி வாளியாகத் தராசில் வைத்தாள். எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுத்து டப்பாவில் அடைத்து உறைபெட்டியில் வைத்தாள். என் உறைபெட்டியில், என் பட்டாணிக்கும் சூப் எலும்புக்கும் பக்கத்தில்!

"இது ரொம்பச் சுலபம் அலைடா," என்று எனக்கு விளக்கினாள். "வாய் வழியா உள்ள போன பாஸ்பரஸ்ல பால்ல போனதைக் கழிக்கணும். மிச்சம் சாணியில இருக்கணும். மூத்திரத்துல போறது ரொம்பக் கொஞ்சம். எங்கயும் ஒளிய முடியாது."

"ஒளிய முடியாதுன்னா நல்லதுதானே. அதுக்குத்தானே உன்னை வரச் சொன்னோம்," என்றேன்.

முதல் நாளே ஒரு தாளை நீட்டினாள். எங்களையும் அவள் ஆட்களையும் தவிர வேறு யாரும் தொழுவத்துக்குள் வர மாட்டார்கள், மாடுகளுக்கு எதுவும் கொடுக்க மாட்டார்கள் என்று நாங்கள் உறுதி சொல்ல வேண்டுமாம்.

"வேற யாராவது வர்றது உண்டா?" என்று கேட்டாள்.

"இந்தக் காட்டுக்குள்ள யாரு வரப்போறா?" என்று சிரித்தேன். கெர்வினும் யோசித்துப் பார்த்துவிட்டு, "யாரும் இல்லை" என்றார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எங்கள் தாயார் மேல் ஆணை, மனசறிந்து பொய் சொல்லவில்லை.

பத்து மணி ஆனால் காபி. அதற்கு மாடும் சரி, மந்திரியும் சரி, காத்திருக்க வேண்டியதுதான். சஸ்கியாவும் உதவியாளர்களும் கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குள் வந்துவிடுவார்கள். சாணி அதன் பாட்டுக்குப் பையில் விழுந்துகொண்டிருக்கும், அதற்குக் காவல் எதற்கு? நான் காபியை ஊற்றி, பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டுவேன், ஆளுக்கு ஒன்று, பிறகு டப்பாவை மூடிவிடுவேன். எங்கள் ஊர் வழக்கம் அது.

எல்லோரும் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து, தொழுவத்துப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஹின்னிக் வருவார். மரச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார். அது அவர் நாற்காலி. ஓடைக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. எங்களுக்கு முதல் நோபர் அவர்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் என்று சொன்னால் போதாது. முதல் நோபர் என்றால், வீட்டில் பிள்ளை பிறந்தால் முதலில் அவருக்குத்தான் சொல்ல வேண்டும், செத்தாலும் அவருக்குத்தான். என் மாமனார் செத்தபோது குளிப்பாட்டி, உடை மாட்டி, கறுப்பு சூட் போட்டுக்கொண்டு சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவர் ஹின்னிக். மாடு ஈனும்போது கன்று சிக்கிக்கொண்டால் கூப்பிடாமலே வந்து நிற்பார். நன்றி சொன்னால் கோபம் வரும் அவருக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன வருஷம் இதே அட்டவணை அவருக்கும் வந்தது. அவர் சண்டை போடவில்லை, அளக்கச் சொல்லவில்லை, இருந்த மாடுகள் எல்லாவற்றையும் ஒரே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தொழுவத்தைக் கழுவிவிட்டார். இன்னமும் விடியற்காலை பால் கறக்கிற நேரத்துக்கு அவர் வீட்டில் விளக்கு எரியும்.

"என்ன அம்மணி, இன்னைக்கு எங்க பொண்ணுங்க எவ்வளவு போட்டாங்க?" என்று சஸ்கியாவைத் தினமும் கேட்பார்.

"நிறைய!" என்று சிரித்துக்கொண்டே அவளே அவருக்குக் காபி ஊற்றுவாள்.

"போடட்டும் போடட்டும். எங்க ஊருப் பெரிய மனுஷங்க சிலரைவிட உருப்படியான வேலை பண்றாங்க," என்பார். உதவியாளர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு நாள் அவர் சட்டைக் கையெல்லாம் வெள்ளையாகத் தூசி. "எங்க போய் உருண்டுட்டு வர்றீங்க? மாவு மில்லுலயா? என் நாற்காலி மெத்தை பாழாப் போச்சு," என்று நான்தான் தட்டிவிட்டேன். என் கையாலேயே தட்டிவிட்டேன்!

அளந்து முடித்து, டப்பாக்களை எடுத்துக்கொண்டு சஸ்கியா போனாள். சில வாரம் கழித்து ஒரு நாள் காபி நேரத்துக்கு வந்தாள். அன்றுதான் நான் முதலில் சொன்ன அந்தப் பேச்சு.

"ஆறு மாட்டுலயும் ஒரே மாதிரி இடிக்குது," என்றாள். "பால்லயும் சாணியிலயும் வந்த பாஸ்பரஸ், நான் எடை போட்ட தீனியில இருந்ததைவிட அதிகம். ஒரு மாட்டுல மட்டும்னா என் தப்புன்னு நினைப்பேன். ஆறுலயும்னா... நான் பார்க்காத நேரத்துல யாரோ தீனி போட்டிருக்காங்க."

"யாரோன்னா?"

அவள் கெர்வினைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பால் குறையாம இருக்கணும்னு சில பேர் செய்யறது உண்டு. நான் உங்களைக் குறை சொல்லலை."

"பின்ன வேற யாரைச் சொல்றே? எங்க ஏசுநாதரையா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாணியை நீ வாளி வாளியா அளக்கிறேன்னு தெரிஞ்சுகிட்டே கூடத் தீனி போடுவோமா? குறைச்சுக் காட்டினாத்தானே எங்க மாடு பிழைக்கும்! பொய்க்காரின்னு சொல்லு, கேட்டுக்கறேன். முட்டாப் பொய்க்காரின்னா சொல்றே?"

"அலைடா," என்றார் கெர்வின் மெதுவாக.

"என்ன அலைடா? வாயைத் திறந்து நீயாவது சொல்லேன்ப்பா!"

"நான் போடலை," என்றார் அவர் சஸ்கியாவிடம். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல அந்த மனுஷன் முகம் எப்படிச் சிவந்து போனது தெரியுமா? பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காதவர். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. காபியை அப்படியே வைத்துவிட்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுத் தொழுவத்துக்குள் போனேன். அழுகை வந்தால் மாட்டுக்கு முன்னால் அழலாம், இவளுக்கு முன்னால் மாட்டேன்.

ஆறு மாடுகளை அவிழ்த்துவிட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. மற்ற மாடுகள் எல்லாம் புல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தன. அந்த ஆறு மட்டும் புல்லை விட்டுவிட்டுப் பின்கதவுப் பக்கம் வரிசையாக நின்று, கழுத்தை நீட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தன. முதலில் நின்றது கோர்யா, எல்லாவற்றையும் மேய்க்கிற பெரியவள். எதற்கு நிற்கிறாய் என்று நான் கேட்பதற்குள் பின்கதவு திறந்தது.

ஹின்னிக்தான். தோளில் ஒரு சின்ன மூட்டை. கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. டப்பாவில் தவிட்டை மொண்டு, விளிம்போடு விரலால் வழித்துவிட்டு, கோர்யாவுக்கு நீட்டினார். அது ஒரே வாயில் நக்கித் தீர்த்தது. அடுத்ததற்கு ஒரு டப்பா, வழித்துவிட்டு. அதற்கு அடுத்ததற்கு ஒன்று.

"ஹின்னிக்! என்ன பண்றீங்க?"

அவர் திடுக்கிடக்கூட இல்லை. "காபி நேரம்மா," என்றார்.

"எது?"

"நாம எல்லாரும் உள்ள உக்காந்து பிஸ்கட் தின்னுகிட்டு காபி குடிக்கிறோம். இதுங்க மேய்ச்சலுக்கும் போகாம, பின்னாடி பையைக் கட்டிக்கிட்டு, பாவம், என்னையே பாத்துச்சுங்க. என்கிட்ட கோதுமைத் தவிடு மிச்சம் கிடந்தது. எங்க மாடுங்களுக்கு வாங்கினது. அதுங்க போயிடுச்சு, தவிடு இருக்கு. சும்மா ஆளுக்கு ஒரு டப்பா. ரெண்டாவது கிடையாது. நம்ம வழக்கம்தான்."

"அளக்கிறப்பவும் போட்டீங்களா? தினமுமா?"

"தினமும்தான். பாவம் இல்லையா?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும்தான் டப்பாவைக் கீழே இறக்கினார். "ஏம்மா? தவிடுதானே?"

தலையில் தலையில் அடித்துக்கொண்டேன். யாராவது வருவார்களா என்று அவள் கேட்டபோது எனக்கு எப்படித் தோன்றவில்லை? தோன்றாது. என் வலது கை தொழுவத்துக்குள் வருமா என்று கேட்டால் எனக்குத் தோன்றியிருக்குமா? அவர் தினமும் வருகிறார், முப்பது வருஷமாக வருகிறார், அதே பின்கதவு வழியாக. நாங்கள் அவரைக் கணக்கில் வைக்கவே இல்லை. அந்தப் படித்தவளும் வைக்கவில்லை. அவர் வந்த வழியைக் கேட்காமல் தினமும் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

கையைப் பிடித்துத் தரதரவென்று சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மரச் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"இந்தா, நீ தேடின யாரோ," என்றேன் சஸ்கியாவிடம்.

ஹின்னிக் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தன்மேல் பழி வருமே என்று ஒரு வார்த்தையை முழுங்கவில்லை. கெர்வின் தலையைக் குனிந்துகொண்டார். சஸ்கியா மட்டும் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தவிடா? கோதுமைத் தவிடா? அதுல பாஸ்பரஸ் கொட்டிக் கிடக்குமே! எவ்வளவு போட்டீங்க?"

"ஆளுக்கு ஒரு டப்பா."

"சுமாரா ஒரு டப்பாவா, சரியா ஒரு டப்பாவா?"

ஹின்னிக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன அம்மணி பேச்சு இது? ஒருத்திக்குக் கூட, ஒருத்திக்குக் குறையன்னு போடறதுக்கு நான் என்ன அரசாங்கமா? விரலால வழிச்சுவிட்டு ஆளுக்கு ஒண்ணு. சரியா."

அவள் அந்த டப்பாவையும் ஒரு பை தவிட்டையும் வாங்கிக்கொண்டு, காபியைக் குடிக்காமல் காரில் ஏறிப் போனாள். மூன்றாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலே வேறாக இருந்தது.

"அலைடா, சரியா வந்துடுச்சு! தவிட்டையும் சேர்த்துக் கூட்டினா, போனதும் வந்ததும் ஆறு மாட்டுலயும் பொருந்துது. தவிட்டுப் பங்கைக் கழிச்சுட்டா, உங்க மாடு அட்டவணையைவிடக் கீழதான். நல்லாவே கீழ. கெர்வின் சொன்னது சரிதான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க. எல்லாத்தையும் அறிக்கையில எழுதறேன், தவிட்டையும் சேர்த்து."

நான் கெட்டவள்தான், வாய்க்காரிதான். ஆனால் மன்னிப்புக் கேட்டால் மன்னிக்கத் தெரியும். அன்றைக்குப் பத்து மணிக்குப் பிஸ்கட் டப்பாவை மூடவே இல்லை. ஹின்னிக் மூன்று தின்றார். "இன்னைக்கு என்ன, யாருக்காவது கல்யாணமா?" என்று கேட்டுக்கொண்டே தின்றார்.

குழு நகரத்தில் கூடியது. நாங்கள் போனோம், ஹின்னிக்கும் வந்தார், நடந்ததைச் சொல்லிக் கையெழுத்தும் போட்டார். குழுவுக்குத் தலைவர் ப்ளோக் என்று ஒரு மனிதர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறவர். சஸ்கியா அரை மணி நேரம் நின்று பேசினாள். ஒரு கிராம்கூட ஒளியவில்லை என்று காட்டினாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த மனிதர் தொழுவத்துக்குள்ள வந்தாரா?"

"வந்தார்."

"யாரும் வரமாட்டாங்கன்னு நீங்க உறுதி கொடுத்தீங்களா?"

"கொடுத்தோம். ஆனா அவர்..."

"அப்ப உறுதி தப்பு. உறுதி தப்புன்னா அளவை ஏத்துக்க முடியாது. உங்களுக்கு அட்டவணைதான்."

சொல்லிவிட்டு அடுத்தவர் யார் என்று பார்த்தார். பதினோரு உயிர்! கண்ணாடி துடைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"திரும்ப அளக்க விடுங்களேன்," என்றாள் சஸ்கியா. "நானே வர்றேன்."

"அளக்கிறதுக்கான கடைசித் தேதி முடிஞ்சுபோச்சு."

எனக்குக் கண் மண் தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். "ஐயா, நல்லாக் கேட்டுக்கங்க. முதல்ல பொய் சொல்லாதப்ப எங்களைப் பொய்க்காரங்கன்னாங்க. இப்ப நாங்களா வந்து உண்மையைச் சொன்னா, அதுக்கும் பொய்க்காரங்கன்னு சொல்றீங்க. வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அப்பவும் இதே அட்டவணைதான்! பின்ன எதுக்கு அளந்தீங்க? எதுக்கு என் உறைபெட்டி நிறையச் சாணியை வச்சீங்க?"

"அம்மா, உட்காருங்க. வெளியாள் ஒருத்தர் மாட்டுக்குத் தீனி போட்டிருக்கார்."

"அவர் வெளியாள் இல்லை," என்றார் கெர்வின். அன்று முழுவதும் அவர் பேசியது அது ஒன்றுதான்.

"பின்ன யாரு? சொந்தக்காரரா?"

"நோபர்," என்றேன் நான். "உங்க பக்கத்து வீட்டுல யாரு ஐயா இருக்கா? பேரைச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வாய் திறந்தது, பேர் வரவில்லை. கூட இருந்த ஒரு பெண் உறுப்பினர் குனிந்து தன் பேனாவைப் பார்த்துக்கொண்டாள். "அது இங்க சம்பந்தமில்லாத விஷயம்," என்றார் கடைசியில்.

"அதுதான் சம்பந்தமே," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சொல்லி என்ன பிரயோஜனம்? ஒரு மாடு பிழைத்ததா? ஹின்னிக் காரின் பின் இருக்கையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அந்த ஆறு மாடும் பின்கதவில் நின்று கத்திக் கத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. ஜன்னலோர நாற்காலி காலியாகக் கிடந்தது. மூன்றாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. ஓடை மேல் போட்ட பலகையைத் தாண்டிப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். தட்டினேன் என்ன, இடித்தேன். அவர் பின்னால், கழுவிக் காலியாகக் கிடந்த தொழுவத்தில் ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார்.

"காபி ஆறுது," என்றேன்.

"எப்படிம்மா வர்றது? நான் வந்ததாலதானே எல்லாம் போச்சு. என் மாட்டையும் அனுப்பினேன், உங்க மாட்டையும் அனுப்பறேன்."

"வாயை மூடுங்க ஹின்னிக்! உங்க மேல எனக்குக் கோபம் இல்லைன்னு நினைச்சுக்காதீங்க. ஒரு வார்த்தை, 'தவிடு போடவா அலைடா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? இருக்கு, மலையளவு கோபம் இருக்கு. ஆனா நீங்க வராம இருந்தீங்கன்னா, அந்தக் கண்ணாடிக்காரன் சொன்னதுதான் நிஜம்னு ஆயிடும். நீங்க வெளியாள்னு ஆயிடும். மாட்டையும் பறிகொடுத்துட்டு அதையும் நான் ஒத்துக்கணுமா?"

அவர் வாளியை விட்டு எழுந்தார். பிறகு, "எப்ப லாரி?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு."

"காபி நேரத்துலயா?" என்றார். அவருக்கே அப்போதுதான் கோபம் வந்தது. "மனுஷங்களா அவங்க?"

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. மாடுகளின் காதில் மாட்டியிருக்கிற எண்ணைச் சரிபார்க்க ஒரு சின்னப் பெண்ணை அனுப்பியிருந்தார்கள், கையில் பலகைக் கணினியோடு. அவளை நான் திட்டவில்லை, அவள் என்ன செய்வாள். கெர்வின் கோர்யாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அது லாரியின் சாய்வுப் பலகையைக் கண்டதும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் வரவில்லை. ஓட்டுநர் ஒரு தடியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

"தொட்டுப் பாரு," என்றேன் அவனிடம்.

அப்போது பின்கதவு திறந்தது. ஹின்னிக் வந்தார். கறுப்பு சூட் போட்டிருந்தார். என் மாமனார் பெட்டியைத் தூக்கியபோது போட்டிருந்த அதே சூட், அதே வெள்ளைச் சட்டை, தேய்த்துப் பளபளவென்று மெருகேற்றின ஷூ. ஓட்டுநர் தடியை இறக்கிவிட்டான். அவனும் எங்கள் பக்கத்து ஆள்தான், அந்த உடைக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றான். கெர்வின் கயிற்றை ஹின்னிக்கிடம் கொடுத்தார்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒரு நிமிஷம். வீட்டு ஆளுங்களைத் தவிர வேற யாராவது இங்க இருக்காங்களா? நான் குறிச்சுக்கணும்," என்றாள்.

அதே கேள்வி!

"இருக்கார்," என்றேன். "நல்லாக் குறிச்சுக்கோ. ஹின்னிக் வெஸர்ஹாஃப். முப்பது வருஷமா தினமும் வர்றார். முதல் நோபர். எழுத்துக் கூட்டிச் சொல்லட்டுமா?"

அவள் தட்டிக்கொண்டிருந்தபோது ஹின்னிக் கறுப்புக் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்தார். தோளில் தொங்கிய பையிலிருந்து தவிட்டை மொண்டு, விளிம்போடு விரலால் வழித்துவிட்டு, கோர்யாவின் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டே பலகை மேல் பின்பக்கமாக ஓரடி ஏறினார். அது கழுத்தை நீட்டிக்கொண்டு, அவரை நம்பிக்கொண்டு, பின்னாலேயே ஏறிப் போனது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஏத்துற நேரத்துல தீனி போடக் கூடாதும்மா," என்றாள் அந்தப் பெண் பயந்துகொண்டே.

"அதையும் எழுதிக்கோ," என்றேன். "கோதுமைத் தவிடு. பதினோரு மாடு. ஆளுக்கு ஒரு டப்பா."